நாடி இல்லாத மனிதருக்கு மயக்கம்

ஜனவரி 9

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் கடைசி வரை படி. ஃபோனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், ஐந்தாவதில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி கேன்டீனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இதயம் ஓய்ந்துபோய் உன் அத்தான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்தால் பிழைப்பார் என்று மற்ற டாக்டர்கள் எல்லாரும் சொன்னார்கள். மயக்க டாக்டரான என் தம்பி நீ மட்டும், "பம்ப் வேண்டாம்க்கா, அவரைப் போக விடு" என்றாய். இனி என் வீட்டுப் படியை மிதிக்காதே என்றேன். நீயும் மிதிக்கவில்லை. பிறந்ததிலிருந்து என் பேச்சை நீ கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அவருக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. அதிலிருந்து சில மாதங்களாக ரத்தம் கசிந்திருக்கிறது. பம்பில் ரத்தம் உறையக் கூடாது என்று மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கசிவு நிற்குமா? வெட்டி எடுக்க சர்ஜன் தயாராக இருக்கிறார். மயக்கம் கொடுக்கத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை. முதலில் வந்தவர் ஃபைலைப் புரட்டியதோடு சரி. அடுத்தவர் வயதானவர், கட்டில் வரை வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார். பம்ப் ரத்தத்தை வாய்க்கால் தண்ணீர் மாதிரி விடாமல் ஓட்டுவதால் அவருக்கு நாடி துடிக்காது என்று அந்த டாக்டர் படித்திருப்பார். ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது. உன் அத்தான் சும்மா இருந்திருக்கலாம். "பயப்படாதீங்க டாக்டர், செத்து மூணு வருஷம் ஆச்சு, பழகிடுச்சு" என்றார். டாக்டர் போனவர் போனவர்தான்.

கட்டியை விட்டுவைத்தால் ஆறு மாதம் என்கிறார் சர்ஜன். மன்னிப்பெல்லாம் நீ கேட்க வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. அவரைத் தூங்கவைத்துத் திரும்ப எழுப்பிக் கொடு. அவ்வளவுதான்.

அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

நேற்று ஒன்பது பேரைத் தூங்கவைத்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்தபின் எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே செய்யாதே, இங்கே கூட்டி வா. பம்ப் வைத்தவர்களைப் பார்ப்பதற்கென்றே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் நான் மயக்கம் கொடுக்க மாட்டேன். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை. கை நடுங்கும், நடுங்காத மாதிரி நடிக்கவும் வேண்டிவரும். என்னோடு வேலை பார்க்கும் டாக்டரம்மாவிடம் பேசியிருக்கிறேன். சிடுசிடுப்பான ஆள், கெட்டிக்காரி.

அவர் கேட்பது ஒன்றுதான். தினமும் காலையில் பம்பின் பெட்டியில் தெரிகிற எண்களை எழுதிவைக்கச் சொல்லியிருப்பார்களே, அந்த நோட்டு. மயக்க மருந்து உள்ளே போனதும் ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். பம்புக்கு வந்து சேரும் ரத்தம் குறையும். அது பாட்டுக்குத் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டு இல்லாத ரத்தத்தை உறிஞ்சப் பார்க்கும். சரி என்று ரத்தமோ நீரோ நிறைய ஏற்றினால், பம்ப் இல்லாத வலது பக்க இதயம் தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி கொஞ்சம் இடம்தான் இருக்கிறது. அத்தானுக்கு வழக்கமாக எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அன்றைக்கு எது குறைச்சல் என்று சொல்ல முடியும்.

நோட்டை அனுப்பு.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

போன ஜூலையிலிருந்து நேற்று வரை பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் கொடு.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன், இங்கே பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று. வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வருகிறது. பகலில் அது தோளில் தொங்கும் இரண்டு பேட்டரியில் மாட்டியிருக்கும், படுக்கும்போது சுவரில். குளிக்க முடியாது, துடைத்துத்தான் விட வேண்டும். வயர் வெளியே வரும் இடத்தைத் தினமும் நான் சுத்தம் செய்து கட்டுகிறேன். எட்டரைக்கு ஆபீஸ். மின்சார வாரியத்தில் புகார் வாங்கும் மேஜையில் இன்னும் இருக்கிறேன். ஊரில் எந்தத் தெருவில் கரண்ட் போனாலும் என்னைத் திட்டுவார்கள். என் வீட்டில் போனால் நான் யாரைத் திட்டுவது? அப்படிப் போகும்போது ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். அவர் பேட்டரியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, "புகார் நம்பர் குடு, நானும் பதிஞ்சுக்கறேன்" என்பார். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு இடத்தில் உட்காரப் பழகவே இல்லை.

உனக்குத் தூக்கம் போனதற்கு வருத்தப்பட எனக்கு நேரம் இல்லை.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இந்த எண்கள் பொய்.

ஜூலையிலிருந்து அக்டோபர் 27 வரை சரியாக இருக்கிறது. ஓட்டம் நிமிடத்துக்கு 4.4 லிட்டர், 3.9, 4.2, வியர்த்துக்கொட்டிய ஒரு நாளில் 3.7. மனிதனுக்கு அப்படித்தான் ஏறி இறங்கும். அக்டோபர் 28-லிருந்து 4.1, 4.2, 4.1, 4.3, மறுபடி 4.1. எண்பத்திநான்கு நாள் இதே தாளம். எடைகூட அசையவில்லை. அந்த மாதங்களில்தானே அவருக்கு ரத்தம் கசிந்திருக்கிறது? ரத்தம் குறைய ஓட்டமும் குறைந்திருக்க வேண்டாமா?

டாக்டரம்மா இன்னும் பார்க்கவில்லை. இந்த 4.2-ஐ நம்பி அவர் அன்று ரத்தமும் மருந்தும் ஏற்றினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல். திட்ட மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

திட்ட மாட்டாயா? எவ்வளவு பெரிய மனசு. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காதவன் என் நோட்டில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு மன்னிப்பும் தருகிறான்.

கோபத்தோடு எழுதி, அதைக் கிழித்துவிட்டு, இதை எழுதுகிறேன்.

ஆமாம், பொய்தான். அக்டோபர் 28 விடியற்காலையில் கரண்ட் போய்ப் பெட்டி கத்தியிருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கவில்லை. அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன். அவரே எழுந்து பேட்டரியை மாட்டிக்கொண்டு, என்னை எழுப்பாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு பெட்டியின் பட்டனை அழுத்தப் போனேன். அப்போது ஒன்று தோன்றியது. இதில் எண் குறைந்துபோயிருந்தால் இதோடு முடிந்துவிடும், நான் தூங்கலாம் என்று.

என் புருஷனைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியது. உன்னைப் படியேற விடாமல் விரட்டினேனே, அதே நினைப்பு எனக்குள்ளேயே வந்துவிட்டது. பட்டனை அழுத்தவில்லை. முந்தின வாரத்தைப் பார்த்து ஏதோ ஒன்றை எழுதினேன். மறுநாளும் எழுதினேன். பிறகு ஆபீஸில் புகார் எழுதுவது போல அதுவும் ஒரு வேலை ஆகிவிட்டது. நோட்டு நன்றாக இருக்கிறது என்று கிளினிக்கில் டிசம்பர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள்.

நான் பார்த்திருந்தால் கசிவை நவம்பரிலேயே பிடித்திருப்பார்கள். இதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா?

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நானும் அப்படி எழுதியவன். அதனால் கண்டுபிடித்தேன்.

ஆபரேஷன் நடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தத்தை ஒரு தாளில் குறிக்க வேண்டும். கை வேலையாக இருக்கும்போது இரண்டு மூன்று கட்டத்தை விட்டுவிட்டு, பிறகு முன்னதையும் பின்னதையும் பார்த்து நடுவில் நிரப்புவோம். எங்களில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. தாள் அழகாக இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன், பம்ப் வைத்த ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். அரை மணி நேர வேலை. நாடி இல்லாதவர்களுக்கு, கையில் சுற்றிக் காற்றடிக்கும் சாதாரணப் பட்டை அழுத்தம் காட்டாது, மணிக்கட்டு ரத்தக் குழாயில் ஊசி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு எதற்கு என்று நான் வைக்கவில்லை. கைப்பட்டை எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது. நான் 70, 72, 70 என்று எழுதிக்கொண்டே போனேன்.

அவர் சரியாக விழிக்கவே இல்லை. பதினொரு வாரம் படுக்கையில் இருந்துவிட்டுப் போனார். விசாரணை நடந்தது. தாளைப் பார்த்தார்கள். எந்த இடத்திலும் அழுத்தம் குறையவில்லை, அதனால் யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒருவரும் கிளறிப் பார்க்கவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கேன்டீனில் நான் பேசியபோது என் மனதில் இருந்தது அந்த மனிதர்தான். அத்தானும் என்றைக்காவது ஒரு சின்ன ஆபரேஷனுக்கு என்னைப் போன்ற ஒருவனிடம் வந்து மாட்டுவார் என்று பயந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, போக விடு என்று சொன்னேன். அவர் பிழைத்து மூன்று வருடம் உன்னோடு இருந்திருக்கிறார். நான் சொன்னது தப்பு.

வேறு ஆஸ்பத்திரியில் பார்ப்பதானாலும் ஏற்பாடு செய்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். வரிசையில் நின்றவர் மீட்டர் எரிந்துவிட்டது என்று மூன்று தடவை சொல்லியும் எனக்கு ஏறவில்லை.

உன்மேல் இரக்கப்பட என்னால் முடியவில்லை. அந்த மனிதர் நினைவாகவே இருக்கிறது. ஆனால் வேறு ஆஸ்பத்திரி தேடவும் தெம்பில்லை. தெரியாத ஒருவர் தப்பே செய்ததில்லை என்று சொன்னால் இனி நான் நம்பப்போவதும் இல்லை.

நோட்டு விஷயத்தை உன் அத்தானிடம் சொன்னேன். நான் அழவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டும். அவர் கொஞ்ச நேரம் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரியும். நீ பாக்காத நாள்ல நான் பாத்துட்டுதான் இருந்தேன். எறங்கிட்டே வந்துச்சு. சொன்னா நீ லீவு போடணும், ஓடணும். நீ கொஞ்சம் தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஆக மூன்று பேரும் ஒரே லட்சணம். இனி மூன்று பேரும் சேர்ந்து செய்தது போதும். இப்போது அவருடைய உண்மையான ஓட்டம் 3.6. ஒரு வாரமாக நானே பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். 3.6, 3.5, 3.6, 3.4. டாக்டரம்மாவிடம் இதைக் கொடு, எண்பத்திநான்கு நாள் கதையையும் சொல்லிவிடு.

மயக்கத்தை அவர் கொடுக்கட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து தாளில் எழுது. அதைத் தவிர வேறு எதையும் தொடாதே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார், பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததைக் காலியாக விடு. முடிந்ததும் அதை எனக்குக் காட்ட வேண்டும். மார்ச் 1-ஆம் தேதி ரயிலேறுகிறோம்.

அக்கா


மார்ச் 4, மதியம் மூன்று மணி

அக்காவுக்கு,

நீ உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலிருந்து நாற்பது அடி தூரத்தில், கண் விழிக்கும் அறையின் மேஜையில் இருந்து எழுதுகிறேன். நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்து நல்லதாக ஏதாவது சொல்லிவிடுவேன். டாக்டரம்மா வந்து பேசுவார், அதற்கு முன் இதைப் படித்துவிடு.

அத்தான் உயிரோடு இருக்கிறார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா மணிக்கட்டில் ஊசி வைத்து, ஒவ்வொரு மருந்தாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துத்தான் தூங்கவைத்தார். தூங்கும் முன் அத்தான் என்னைப் பார்த்து, "மச்சான், ஸ்டாப்பிங் வந்தா எழுப்பு" என்றார். முதல் ஐம்பது நிமிடம் எண்கள் நன்றாக இருந்தன. பிறகு துளை வழியாகக் கட்டியை வெட்டுவதற்காக வயிற்றில் காற்று நிரப்பி, மேஜையைத் தலைப்பக்கம் உயர்த்தினார்கள். ஓட்டம் 3.4-லிருந்து 2.6, பிறகு 2.2. பெட்டி கத்தியது. அதே நேரத்தில் கை மடங்கி மணிக்கட்டு ஊசியும் அழுத்தம் காட்டாமல் போனது. டாக்டரம்மா காற்றை வெளியேற்றச் சொன்னார், மேஜையை நேராக்கினார், ரத்தம் ஏற்றினார், மறு கையில் வேறு ஊசி வைத்தார். அது வேலை செய்யப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடம் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

தாளின் நகல் இதோடு இருக்கிறது. 10.05, 10.10 இரண்டு கட்டமும் காலி. என் கை பழக்கதோஷத்தில் 68 என்று எழுதப் போனது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கே விழித்திருக்க வேண்டியவர் இரண்டரைக்குத்தான் கண் திறந்தார். பேச்சு இருக்கிறது. வலது கையால் என் விரலை இறுக்கினார். இடது கை இறுக்கவில்லை. இப்போது ஸ்கேனுக்குப் போகிறார். அந்தப் பதினொரு நிமிடத்தால் இருக்கலாம். உறையாமல் இருக்கும் மருந்தை நிறுத்தியிருந்ததால் உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று மூளையில் போய் அடைத்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நீ எழுந்து இங்கே வந்து என்னை அடிப்பதானாலும் வா.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

அன்று நான் எழுந்து வரவில்லை. அடிக்கக்கூடத் தெம்பில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத் திரும்பும்வரை உன்னோடு பேசாமல் இருந்ததும் கோபத்தில்தான். இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவர் சாப்பிடுகிறார், மாடி ஏறுகிறார். ஓட்டம் 4-க்கு மேல் வந்திருக்கிறது, நானே பார்த்து எழுதியது. இடது கையால் டம்ளரைப் பிடிக்கிறார், பேட்டரியின் கொக்கியைத் திறக்க வரவில்லை. அதனால் பகலில் ஒரு அம்மாவை வைத்திருக்கிறேன். ஆபீஸில் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். அன்று படுக்கையில் கிடந்தபடி உன்னைப் பற்றி ஒன்று சொன்னார்: "பொய் சொல்லத் தெரிஞ்சவன் சொல்லாம இருந்தான் பாரு, அது பெரிசு."

உன் கடிதத்தை அந்தப் பெஞ்சில் மூன்று தடவை படித்தேன். கை போயிற்றே என்று வயிறு எரிந்தது. ஆனாலும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் மறுநாள் என்ன செய்வது என்று யோசிக்க முடிந்தது. இதே மாதிரி ஒரு கடிதம் இன்னொரு பெண்ணுக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும். உன் கையைப் பிடித்து நன்றி சொன்னாரே, அவருக்கு.

வேலை போகுமோ, பெயர் கெடுமோ, எனக்குத் தெரியாது. போகலாம். அதை எழுதும்வரை எனக்கு எழுதாதே.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

எழுதினேன். முதலில் ஆஸ்பத்திரித் தலைவருக்கு ஒன்று. அவர் படித்துவிட்டு நீண்ட லீவில் போகச் சொல்லியிருக்கிறார், பிறகு என்ன என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு நன்றி சொன்ன அந்த அம்மாவுக்கு எழுதியதைத் தபாலில் போட மனம் வரவில்லை. பழைய ஃபைலில் விலாசம் பார்த்து நேரில் கொண்டுபோனேன்.

மூன்றாவது மாடி. முன்னறை முழுக்கத் திரைச்சீலைத் துணி, தையல் மெஷின். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, துணியை ஒதுக்கி நாற்காலி போட்டார். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி உடைந்திருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். ஊசி வைக்காததையும், கோடுகளையும், 70, 72, 70-ஐயும் சத்தமாக என் வாயாலேயே படித்தேன். முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

திட்டுவார், அழுவார், விரட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மடியில் கிடந்த துணியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"அன்னிக்குக் காலையில பேட்டரியை நான்தான் மாட்டி அனுப்பினேன். சரியா மாட்டலையோ, அதனாலதான் இப்படி ஆச்சோன்னு அஞ்சு வருஷமா நெனச்சிட்டு இருக்கேன்."

நீங்கள் சரியாகத்தான் மாட்டியிருந்தீர்கள், பம்ப் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தலையை ஆட்டினார். கதவு வரை வந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், வந்து அவளிடமும் படியுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

தம்பி